அஜிடேட்டருக்குச் சொல்: கலக்கியா, மத்தா?

வணக்கம் நண்பர்களே,

துணி துவைக்கும் எந்திரம் பழுதுபார்க்கக் கற்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். தொட்டியின் நடுவில் செங்குத்தாக நின்று, இறக்கைகளோடு இப்படியும் அப்படியும் திரும்புகிறதே, அந்த அஜிடேட்டருக்குச் சொல் வேண்டும். முதலில் 'கலக்கி' என்று போட்டேன். இரண்டாம் அத்தியாயத்திலேயே இடித்தது. "கலக்கி நின்றதும் நீர் வெளியேறும்" என்றால் கலக்கி பெயரா, வினையெச்சமா? 'அலசி' போட்டாலும் இதே கதை, போதாததற்கு அலசல் என்று எந்திரத்தில் தனிக் கட்டமே இருக்கிறது. அடுத்தது மோட்டார் கட்டுப்பாடு பற்றிய அத்தியாயம், அங்கே மோட்டார் திசை மாறுவதற்கும் ஒரு சொல் தேவை. உதவுங்கள்.

* * *

> கலக்கி நின்றதும் நீர் வெளியேறும்

இகரத்தில் முடியும் கருவிப்பெயர்கள் எல்லாவற்றுக்கும் உள்ள நோய் இது. கலக்கி, சுழற்றி, கட்டுப்படுத்தி, எதை எடுத்தாலும் வினையெச்சத்தோடு முட்டும். கையில் மத்து இருக்கும்போது ஏன் இந்தத் திண்டாட்டம்? கயிற்றை ஒரு கை இழுக்க மறுகை விட்டுக்கொடுக்கும், மத்து வலமும் இடமுமாக மாறி மாறித் திரும்பும். அஜிடேட்டரின் இயக்கம் அச்சு அசலாக இதுதானே. ஆய்ச்சியர் குரவையில் 'வடவரையை மத்தாக்கி' என்று தொடங்கி 'கடல்வயிறு கலக்கினையே' என்று முடிகிறது பாருங்கள், கருவிக்கு மத்து, செயலுக்குக் கலக்குதல் என்று இளங்கோ அப்போதே பிரித்து வைத்துவிட்டார். என் பரிந்துரை: துவைமத்து. கூடவே மோட்டாரையும் விட்டுவிடாதீர்கள், அது மின்னோடி.

* * *

ஐயா, துவைமத்து அழகுதான். ஆனால் அதைத் தனித்தமிழ் என்று முன்வைப்பதில் எனக்குத் தயக்கம். வடமொழியில் மந்தனம் என்றால் கடைதல். மத்து அங்கிருந்து வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்று தொடங்கினால் திங்கட்கிழமை என்ன, அடுத்த பொங்கலே வந்துவிடும். மின்னோடியும் உறுத்துகிறது. ஓடுவது உள்ளே இருக்கும் சுழலி மட்டும்தான், நிலையி இருந்த இடத்திலேயே இருக்கிறது, பாதிப் பொருளுக்கு வந்த பெயரை முழுப் பொருளுக்குச் சூட்டுகிறோம்.

* * *

நான் இந்த எந்திரங்களோடு வேலை செய்கிறவன். மத்தோ கலக்கியோ, எதுவானாலும் சரி, எனக்குப் பிரச்சினை வேறு இடத்தில். திருப்புவது யார்?

பழைய அஜிடேட்டர் வகையில் துவைக்கும்போது மோட்டார் ஒரே பக்கம்தான் ஓடும், அதை முன்பின் வீச்சாக மாற்றுவது கியர் பெட்டி. அப்படிப்பட்ட பலவற்றில் மோட்டாரை எதிர்ப்பக்கம் ஓட்டினால் அது பிழியும் சுற்று. அடியில் தட்டையாகப் படுத்திருக்கும் பல்சேட்டர் வகையில் கதையே வேறு, அங்கே மோட்டாரே சில நொடி வலம் ஓடி, நின்று, சில நொடி இடம் ஓடும். அந்தத் தூண்டல் மோட்டாரில் இரண்டு சுருள்களும் ஒரே மாதிரி சுற்றப்பட்டிருக்கும், மின்தேக்கி எந்தச் சுருளோடு தொடரில் நிற்கிறதோ அதை வைத்துத் திசை அமையும், ட்ரையாக் என்கிற மின்னணு ஸ்விட்சுகள் இரண்டு மாறி மாறித் திறந்து அதைச் செய்யும். நடுவில் வரும் ஓய்வு சும்மா இல்லை. ஓடுகிற சுழலியைச் சட்டென்று எதிர்த்திசைக்கு இழுத்தால் மின்னோட்டம் எகிறும், பெல்ட்டும் கியரும் அடி வாங்கும். நேரடி இயக்க இன்வெர்ட்டர் வகையில் பெல்ட்டே கிடையாது. நிலைக்காந்தச் சுழலி எந்த நிலையில் இருக்கிறது என்று ஹால் உணரி சொல்லும், அதற்கேற்ப மூன்று கட்ட மின்சாரத்தை ஊட்டுவார்கள், வேகம் வீச்சு எல்லாம் நிரலுக்குள் போய்விட்டது.

ஆகவே எல்லாவற்றுக்கும் 'திசைமாற்றி' என்று ஒரே சொல்லைப் போடாதீர்கள். படிக்கிற பையன் கியர் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான், பழுது ட்ரையாக்கில் இருக்கும்.

மோட்டாரை மோட்டார் என்றே விடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

* * *

> திருப்புவது யார்?

எதற்காகத் திருப்புகிறோம் என்பதையும் கேட்க வேண்டும். குறுந்தொகை 330இல் கஞ்சிப் பசையில் தோய்த்த துணியை முறுக்கிக் குளத்தில் போடுகிறாள் ஒருத்தி, அது 'நீரிற் பிரியாப் பரூஉத் திரி'யாகக் கிடக்கிறது. மொட்டவிழ்ந்த பகன்றைப் பூவுக்கு அதை உவமை சொல்கிறார் புலவர். துணி ஒரே பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் இந்தத் திரிதான் மிஞ்சும், உள்மடிப்புக்குச் சோப்பு நீர் போகாது. அதனால் 'திரிநீக்கச் சுழற்சி' என்று... சரி சரி, நீளம்தான், விட்டுவிடுகிறேன். ஆனால் துணி திரித்துக்கொள்ளும் பழுதைக் குறிக்கத் 'திரிதல்' நல்ல சொல். எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பல்சேட்டருக்குத் துவைதட்டு வைக்கலாம். துவைத்தட்டு என்று எழுதிவிடாதீர்கள், வினைத்தொகையில் வலி மிகாது.

* * *

> துவைத்தட்டு என்று எழுதிவிடாதீர்கள்

எழுதுவார்கள் ஐயா. ஊறுகாயையே 'ஊருகாய்' என்று எழுதும் காலம்.

* * *

எல்லோருக்கும் நன்றி. கண் எரிகிறது, இனி மாற்றமாட்டேன். நான் போட்டிருப்பது இவை: அஜிடேட்டர் துவைமத்து, பல்சேட்டர் துவைதட்டு. இயக்கத்துக்கு 'முன்பின் வீச்சு'. அதைக் கியர் செய்தால் 'கியர்வழி வீச்சு', மோட்டாரே செய்தால் 'மோட்டார்த் திசைமாற்றம்', நடுவில் நிற்பதற்கு 'இடை ஓய்வு'. ட்ரையாக், ஹால், இன்வெர்ட்டர் மூன்றும் அப்படியே இருக்கும். மோட்டாரும் அப்படியே. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் துவைமத்துக்குப் பக்கத்தில் அஜிடேட்டர் என்று அடைப்புக்குறியில் போட்டிருக்கிறேன், அது தெரியாமல் உதிரிப் பாகம் வாங்க முடியாது.

* * *

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் மோட்டார் என்று பக்கத்துக்குப் பத்து முறை அச்சாகும் நூலில் துவைமத்து மட்டும் தனியாக நின்று என்ன செய்யும் என்று தெரியவில்லை. பதிவுக்காகச் சொல்கிறேன், என் வாக்கு மின்னோடிக்கே.

* * *

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். இரட்டை இயக்க அஜிடேட்டரை யாரும் பேசவில்லையே? அதில் கீழ்ப்பாதி முன்னும் பின்னும் வீசும், மேல்பாதி திருகு வடிவில் இருந்து ஒரே பக்கமாக மட்டும் சுற்றித் துணியைக் கீழே தள்ளும். முன்பின் திரும்பினால்தான் மத்து என்றீர்கள். அப்படியானால் அந்த மேல்பாதிக்கு என்ன பெயர்?

* * *

> அந்த மேல்பாதிக்கு என்ன பெயர்?

கையேட்டின் 41ஆம் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன். 'துவைமத்தின் மேல்பகுதி' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.