டிசம்பரில் திருகோணமலை: மகளோடு புறாத்தீவு போகலாமா?

மதுரைக்காரன்:
வணக்கம். டிசம்பர் கடைசியில், அரையாண்டு விடுமுறைக்கு மனைவி, ஒன்பது வயது மகளோடு இலங்கை வரலாம் என்று இருக்கிறோம். திருகோணமலையில் மூன்று நாள். நிலாவெளிக் கடற்கரை, புறாத்தீவில் ஸ்நோர்க்கலிங் (மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்து மீன் பார்ப்பது), கடைசி நாள் காலையில் எனக்கும் மகளுக்கும் ஸ்கூபா டைவிங் (காற்றுக்கலன் கட்டி ஆழத்தில் மூழ்குவது). அன்று மதியமே நுவரெலியாவுக்குக் கார். மகள் நீச்சல் குளத்தில் மட்டும்தான் நீந்தியிருக்கிறாள். மீன் பார்க்கப் போகிறேன் என்று இப்போதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் திரிகிறாள். திட்டம் சரிவருமா?

நிலாவெளியாள்:
தம்பி, டிசம்பர் எங்களுக்கு மாரி. வடகீழ்ப் பருவக்காற்று நேரே எங்கள் கரைக்குத்தான் வரும். தண்ணீர் கலங்கிவிடும்; வள்ளங்களைக் கரையில் ஏற்றி வைத்திருப்பார்கள். கடல் கண்ணாடி மாதிரி இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. உங்களுக்கு மே மாதம் பள்ளி விடுமுறைதானே? அப்போது வாருங்கள். டிசம்பரை மாற்றவே முடியாது என்றால் ஹிக்கடுவ, மிரிஸ்ஸ பக்கம் போங்கள், தெற்கில் அப்போதுதான் கடல் அமைதி.

புறாத்தீவை நாங்கள் புறாமலை என்போம். பாறை இடுக்குகளில் மாடப்புறா இருக்கும், பெயர் அதனால் வந்தது. 2003 இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். வள்ளம் ஏறும் முன் நிலாவெளியிலேயே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூட. முதல் வள்ளத்திலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் சனம் நிறைந்துவிடும், சனி ஞாயிறு கேட்கவே வேண்டாம். கரையில் ஒரு பக்கம் மணலுக்குப் பதில் செத்த முருகைக்கல் (பவளப்பாறை) துண்டுகள்தான். நடந்தால் காலடியில் பீங்கான் ஓடு உரசுவதுபோலக் கலகலக்கும். செருப்பில்லாமல் நடக்க முடியாது.

மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: தண்ணீருக்குள் கால் ஊன்றக் கூடாது. எனக்குப் பன்னிரண்டு வயதில், மூச்சு முட்டி, மான்கொம்பு மாதிரி இருந்த முருகைக்கல்லின் மேல் நின்றுவிட்டேன். டக்கென்று ஒரு முறிவு. பாதம் கிழிந்து மூன்று வாரம் புண். அப்பா வள்ளக்காரர்; என் காலைக் கட்டிவிட்டு, முறிந்த கொப்பைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு சொல் பேசவில்லை. எனக்கு இன்றைக்கும் மனம் கேட்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி போட்டு மிதக்க விடுங்கள், களைத்தாலும் கால் கீழே போகாது. சன்ஸ்கிரீனும் முருகைக்கல்லுக்குக் கூடாது, அதற்குப் பதில் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

கரைக்கு அருகிலேயே, செட்டை (துடுப்பு) நுனி கறுத்த சிறிய சுறாக்கள் வரும். பயப்பட வேண்டாம், அவைதான் நம்மைக் கண்டு விலகும்.

சுழியோடி:
மதுரைக்காரன் அண்ணா, டைவிங்கைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். ஆழத்தில் மூச்சு விடும்போது இரத்தத்தில் நைதரசன் கரையும். உடனே உயரமான இடத்துக்குப் போனால் அது குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கும். டைவ் செய்த உடனே ஏறக் கூடாது என்ற கட்டுப்பாடு விமானத்துக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். முதல் நாளே டைவ் செய்துவிட்டு, அடுத்த இரண்டு நாளும் கோயில், கடற்கரை என்று இருங்கள். மகள் கடலில் ஸ்கூபா செய்யப் பத்து வயது ஆகவேண்டும். இப்போதைக்கு ஸ்நோர்க்கல் போதும்.

திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் கடலோரப் பாறையைத்தான் சுவாமிமலை என்போம்; அதற்குக் கீழே டைவ் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். 17 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் அங்கே கடலடியில் கிடக்கின்றன. 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு டைவ் செய்த மைக் வில்சனும் அவற்றைக் கண்டார்கள். மேலே சம்பந்தர் பாடிய தலம், கீழே அதன் தூண். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மதுரைக்காரன்:
அக்கா, தம்பி, மிக்க நன்றி. மே மாதத்துக்கே மாற்றிவிட்டோம், டைவிங் முதல் நாள், எனக்கு மட்டும். மகள் இப்போது கட்டிலில் குப்புறப் படுத்து, காலைத் தரையில் வைக்காமல் பழகுகிறாள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு எந்த நேரம் போகலாம்?

நிலாவெளியாள்:
விடியற்காலை. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். பிள்ளைக்கு முதலில் கையில் விட்டுப் பாருங்கள்.