மண்ணில் கை வைத்து மனசு லேசான அனுபவம் உண்டா? பகிருங்கள்

வெண்ணாற்றங்கரை:
அப்பா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. காரியம் முடிந்து சென்னை திரும்பியதிலிருந்து சரியான தூக்கமில்லை, அழுகையும் வரவில்லை. குறுவை நடவு, வந்துவிட்டுப் போ என்று சித்தப்பா கூப்பிட்டார். சும்மா வரப்பில் நிற்கத்தான் போனேன். நாற்றுக் கட்டுகளை வீசச் சொன்னார்கள். ஒன்று தவறி நட்டு முடித்த பக்கம் விழுந்துவிட்டது. அதை எடுக்க இறங்கினேன்.

மேலே தண்ணீர் வெயிலில் கொதிக்கிறது. அடியில் சேறு ஜில்லென்று இருக்கிறது. கால்விரல் இடுக்கெல்லாம் பிதுங்கிக்கொண்டு ஏறுகிறது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இதே வயலில் இறங்கிய ஞாபகம் வந்தது, நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று இரவு திண்ணையில் படுத்தவன் காலை எட்டு மணிக்குத்தான் எழுந்தேன். முழங்காலில் சேறு காய்ந்து தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கழுவ மனசே வரவில்லை.

இளவேனில்:
என் மகனுக்கு அப்போது மூன்றரை வயது. வீடு மாறியதும் பேச்சைக் குறைத்துக்கொண்டான், ஜன்னலோரமே கதி. எதிர்மனையில் அஸ்திவாரம் தோண்டிச் செம்மண்ணைக் குவித்திருந்தார்கள். முந்தின இரவு நல்ல மழை. கையை உதறிக்கொண்டு ஓடியவன் நேராக அதில் போய் உட்கார்ந்தான். திட்டத்தான் வாயெடுத்தேன். ஒரு உருண்டை பிடித்து, தட்டையாகத் தட்டி, என் உள்ளங்கையில் வைத்து, "அம்மா, இட்லி" என்றான். பல நாள் கழித்து அவனாக வந்து சொன்ன வார்த்தை! அன்றைக்கு இருபத்தேழு இட்லி, எண்ணினேன்.

மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவே, மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் என்ற மூளை ரசாயனத்தைச் சுரக்க வைக்கிறதாம். பிள்ளைகளை மண்ணில் விடுங்கள், எந்த மருந்தும் வேண்டாம்.

நுண்ணோக்கி:
இளவேனில், மகன் பேசியதில் மெத்த மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கடைசி வரியை ஏற்க முடியாது. நீங்கள் சொல்வது மைக்கோபாக்டீரியம் வாக்கே. பெயரிலேயே பசு இருக்கிறது, லத்தீனில் வாக்கா என்றால் பசு. 2007இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் லோரி குழு, சூடாக்கிக் கொன்ற அந்தக் கிருமியை எலிகளுக்கு ஊசியில் ஏற்றியது. மூளையில் செரடோனின் நரம்பணுக்கள் சில தூண்டப்பட்டன. 2010இல் நியூயார்க் மாநிலத்தில் உயிருள்ள கிருமியைத் தின்ற எலிகள் புதிர்ப்பாதையை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கடந்தன. எல்லாம் எலி. ஊசியும் தீனியும் வேறு, பிள்ளை சேற்றில் விளையாடுவது வேறு. பிள்ளைகளிடம் பார்த்த ஒன்று உண்டு, 2020இல் பின்லாந்தில் வெளியானது. பகல்நேரக் காப்பக முற்றத்தில் காட்டுத்தரையைக் கொண்டுவந்து போட்டார்கள். 28 நாளில் பிள்ளைகளின் நோய் எதிர்ப்பு அளவீடுகள் மாறின. அது மனநிலை பற்றிய ஆய்வு அல்ல. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

இன்னும் சில. டெட்டனஸ் கிருமி மண்ணில்தான் இருக்கிறது, தடுப்பூசி பாக்கியிருந்தால் போட்டுவிடுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் வயலில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும் வழி அது. பூனை அசிங்கம் செய்யும் மணல் குவியல் பிள்ளைகளுக்கு ஆகாது. விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டு நகத்தடியில் தேய்த்துக் கழுவுங்கள். மலம் கழிக்கும் இடத்து மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியே ஏறும்.

எனக்கும் ஒன்று உண்டு. தேர்வில் தோற்ற நாளன்று பாட்டி கூப்பிட்டு, வாசலுக்குச் சாணி மெழுகச் சொன்னாள். முழுவாசலையும் மெழுகினேன். அவ்வளவுதான், ஆனால் மறக்கவில்லை.

கோப்பாய்ப் பிள்ளை:
நான் லண்டனில் இருக்கிறேன். எங்கட ஊரில் செம்மண். அம்மம்மாவின் வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுவது என் வேலை. மண்வெட்டி தூக்க வயது காணாது, காலால் மண்ணை இழுத்து அணைப்பேன். இங்கே நகரசபைத் தோட்டத்துண்டு ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறேன். களிமண், சப்பாத்தில் கட்டி கட்டியாய் ஒட்டும். போன பங்குனியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒருக்கால் வெறுங்காலோடு நின்றேன். ஐஸ் குளிர், கால் விறைத்துப்போனது. ஆனாலும் நின்றேன்.

நுண்ணோக்கி அண்ணா, எலியோ மனிசரோ, எனக்கு அந்த ஐந்து நிமிடம் போதும்.

நடவுக்காரி மகள்:
எல்லாம் படித்தேன். வெண்ணாற்றங்கரை, உங்கள் அழுகை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வயலில் நின்ற மற்றவர்களையும் நினைக்கிறேன். என் அம்மா முப்பது வருடம் கூலிக்கு நட்டவள். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ராத்திரி மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக்கொண்டு சுவரில் காலைத் தூக்கிப் போட்டுப் படுப்பாள். சேறு மனசை லேசாக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

இப்போது என்னோடு திருப்பூரில் இருக்கிறாள். இரண்டாம் மாடி, வேலை எதுவும் இல்லை. போன மாதம் செடி வைக்க ஒரு மூட்டை மண் வாங்கினேன். சாயங்காலம் வந்து பார்த்தால், பிளாஸ்டிக் வாளியில் பாதி மண்ணைக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் குழைத்து வைத்திருந்தாள். மணிக்கட்டு வரை கை உள்ளே. மூன்று விரலைச் சேர்த்து, நாற்று ஊன்றுகிற மாதிரி, குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். "சும்மாதான்டி" என்றாள், கையை எடுக்கவில்லை.

அந்த வாளி இன்னும் பால்கனியில் இருக்கிறது. காய்ந்தால் நான்தான் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன்.