கோடியக்கரையில் கோடையிலும் தங்கும் உள்ளான்கள்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கோடியக்கரை உப்பளங்களில் கரைப்பறவைகளின் வரவையும் போக்கையும் குறித்து வருகிறேன். ஆகஸ்டு வாக்கில் உள்ளான்கள் இறங்கத் தொடங்கும். பருவமழைக்குப் பின் பூநாரைகளும் திரளும். எனக்கு மிகவும் பிடித்தது ஏப்ரல் மாதம்தான். குளிர்காலம் முழுவதும் சாம்பல் நிறத்தில் திரிந்த, அலகு வளைந்த உள்ளான்களின் மார்பும் வயிறும் செங்கல் நிறத்துக்கு மாறும். பிறகு ஆர்க்டிக் சைபீரியாவுக்குக் கிளம்பிவிடும்.

ஆனால் எல்லாமே போவதில்லை. மே, ஜூன் மாதங்களிலும் சில பறவைகள் சாம்பல் நிறத்திலேயே இங்கு மேய்கின்றன. முந்தைய ஆண்டு பிறந்த இளம் பறவைகள் பலவும் முதல் கோடையில் வடக்கே திரும்புவதில்லை என்பது தெரிந்ததே. நான் பார்ப்பவை அவைதானா, அல்லது காயமோ நோயோ கண்டவையா? தொலைநோக்கி வழியே இதை எப்படிப் பிரித்தறிவது? இறக்கை நுனிச் சிறகுகளின் தேய்மானத்தை வைத்து வயதைச் சொல்ல முடியுமா?

பழவேற்காடு, தனுஷ்கோடி, மன்னார்ப் பக்கம் இருப்பவர்கள் அந்த மாதங்களில் எடுத்த படங்களைத் தேதியுடன் பகிர்ந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பேன். இறக்கை விரித்த படம் என்றால் இன்னும் நல்லது. ஒரு வேண்டுகோள்: அதே கோடையில்தான் ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. படத்துக்காக அந்தத் திட்டுகளில் நடக்காதீர்கள்.