கவிதாவுக்கு எந்த ஊசி ஒவ்வாது? – ‘மங்களம் இல்லம்’ குடும்பக் குழு

பிரபு (காலை 5.40): கவிதாவை நள்ளிரவில் 108-இல் கொண்டுவந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டோம். மார்பில் கட்டிய பால் சீழ்க்கட்டியாகிச் செப்சிஸ் ஆகிவிட்டது என்கிறார்கள். பல் பிடுங்கியபோது எந்த ஊசியால் அவளுக்கு உடல் தடித்தது? மருத்துவர் கேட்கிறார்.

மீனா: அண்ணியின் பழைய சீட்டு பீரோவில் இருக்கும். தேடுகிறேன்.

காந்தா பெரியம்மா: பிள்ளை பெற்றவளுக்குப் பால் காய்ச்சல் வருவது இயல்புதானே? மல்லிகைப்பூவை வைத்துக் கட்டியிருக்கலாம்.

செல்வி அத்தை: அண்ணி, மல்லிகைப்பூ பாலை வற்றச் செய்யலாமே தவிர, உள்ளே புகுந்த கிருமியைக் கொல்லாது. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிதான், வெடித்த காம்பின் வழியாக நுழைந்து, மார்பைச் சிவக்கவைத்து, சீழ் பிடிக்கச் செய்கிறது. அதை எதிர்க்கப் போய் உடலே தன் உறுப்புகளைக் கெடுத்துக்கொள்ளும் நிலைதான் செப்சிஸ். காய்ச்சல் 100.4-ஐத் தாண்டி, குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, படபடப்பு, சிறுநீர் குறைதல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் ஒத்தடத்தில் நேரத்தைக் கடத்தக் கூடாது. ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். பிரபு, சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்.

பிரபு: வேறு மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள், அத்தை.

மீனா: செவ்வாய்க்கிழமையே இரண்டு போர்வை போர்த்தியும் அண்ணிக்குப் பல் கிட்டியது. தீட்டு கழியாமல் வெளியே போகக் கூடாது என்று தடுத்தது யார், பெரியம்மா?

காந்தா பெரியம்மா: நான் நல்லதற்குத்தான் சொன்னேன்.

ராஜு சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை பெயர் சூட்டுவதற்குப் பந்தல்காரர் முன்பணம் கேட்கிறார். என்ன சொல்ல?

பிரபு: இப்போது வேண்டாம், சித்தப்பா. அத்தை, குழந்தைக்குப் பால்?

செல்வி அத்தை: இதற்குத் தரும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை பால் குடிக்கும் குழந்தையைப் பாதிப்பதில்லை, இருந்தாலும் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேள். அவளால் கொடுக்க முடியாவிட்டாலும் பாலை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் மறுபடியும் கட்டும். செவிலியர் மெதுவாகப் பீய்ச்சி எடுக்கட்டும். யாரும் அழுத்திப் பிசைய வேண்டாம். சீழை ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சுவார்களா, கீறி எடுப்பார்களா என்றும் கேள்.

மீனா: சீட்டு கிடைத்தது, கையெழுத்து புரியவில்லை. படம் அனுப்புகிறேன், மருத்துவரிடம் காட்டு, அண்ணா.

காந்தா பெரியம்மா: குழந்தையை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

மீனா: அத்தை போகட்டும்.

செல்வி அத்தை: இருவருமே போவோம். அண்ணி, பத்து மணிப் பேருந்துக்கு வர முடியுமா?