வாரப் புதிர்: விடை ஒன்றுதானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

கரும்பலகை:
6 முதல் 8ஆம் வகுப்புவரை திங்கள்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒரு புதிர் ஒட்டி, வெள்ளிக்கிழமை விடைச்சீட்டு வாங்குவதாகத் திட்டம். முதல் புதிர்: "ஓர் ஈரிலக்க எண், தன் இலக்கங்களின் கூடுதலைப் போல் 4 மடங்கு. அந்த எண் எது?" எட்டாம் வகுப்புக்கு இது சப்பென்று இருக்குமா? ஒரு பையன் போட்டுவிட்டால் மதியத்துக்குள் எல்லார் சீட்டிலும் அதே விடை வந்துவிடுமே, அதற்கு என்ன வழி?

மீதி_பூஜ்ஜியம்:
சப்பென்று இருப்பது இருக்கட்டும் சார், இதற்கு நாலு விடை: 12, 24, 36, 48. பத்துகள் இடம் ப, ஒன்றுகள் இடம் ஒ என்றால் 10ப + ஒ = 4ப + 4ஒ. சுருக்கினால் 6ப = 3ஒ, அதாவது ஒ = 2ப. ப-வுக்கு 1, 2, 3, 4 எல்லாமே பொருந்தும்.

3 மடங்கு என்று மாற்றுங்கள். 7ப = 2ஒ. 7-க்கும் 2-க்கும் பொதுக்காரணி கிடையாது, அதனால் 27 மட்டும்தான். பொதுவாக ம மடங்கு என்றால் (10 − ம)ப = (ம − 1)ஒ. ம = 4 அல்லது 7 வரும்போது இரண்டு பக்கமும் 3-ஆல் வகுபட்டு நாலு விடை கிளம்பும். 10 மடங்கு என்றால் 10, 20 தொடங்கி 90 வரை ஒன்பதும் விடை. மற்றபடி 2, 3, 5, 6, 8, 9 மடங்குகளுக்கு முறையே 18, 27, 45, 54, 72, 81.

எழுத்துக்கணக்கு:
மேலே சொன்ன ஆறையும் ஆறு சீட்டாகப் பிரித்துக் கொடுங்கள், பக்கத்துப் பையனின் விடை உதவாது. மதிப்பெண்ணை விடைக்கு 1, காரணத்துக்கு 2 என்று வையுங்கள். "போட்டுப் பார்த்தேன், வந்தது" என்பது காரணம் இல்லை. வேறு எண் ஏன் வராது என்றும் எழுத வேண்டும்.

ஆறாம் வகுப்புக்கு இயற்கணிதம் வேண்டாம். 3 மடங்குச் சீட்டை எடுத்துக்கொண்டால், எண் 3-இன் மடங்கு, ஆகவே இலக்கக் கூடுதலும் 3-இன் மடங்கு. அதைப் போல் 3 மடங்கு என்பதால் எண் 9-இன் மடங்கு. கூடுதல் 18-ஐத் தாண்டாது, எண் 54-ஐத் தாண்டாது. மிச்சம் 18, 27, 36, 45, 54. ஐந்துக்கும் கூடுதல் 9-தான், 3 × 9 = 27. எட்டாம் வகுப்பை, ஆறு விடையும் 9-இன் மடங்காக இருப்பது ஏன் என்று கேளுங்கள். அது சப்பென்று இருக்காது.

அடுத்த வாரத்துக்கு: பட + டப = கபக. ஒவ்வோர் எழுத்தும் வெவ்வேறு இலக்கம். ஈரிலக்க எண்கள் இரண்டைக் கூட்டினால் 200-ஐ எட்டாது, ஆகவே க = 1. பிறகு 11ப + 11ட = 101 + 10ப, அதாவது ப + 11ட = 101; ட = 9, ப = 2 தவிர வேறு வழியில்லை. 29 + 92 = 121.

கரும்பலகை:
அருமை. தர்க்கப் புதிருக்கும் இப்படிச் சரிபார்க்க முடியுமா?

மீதி_பூஜ்ஜியம்:
மூன்று பேர் என்றால் உண்மை, பொய் சேர்க்கைகள் எட்டுதான், அட்டவணை போட்டுவிடுங்கள். அமுதா: "பானு சொல்வது பொய்." பானு: "செல்வி சொல்வது பொய்." செல்வி: "அவர்கள் இருவர் சொல்வதும் பொய்." அமுதா உண்மை என்றால் பானு பொய், அப்போது செல்வி உண்மை, அப்படியானால் அமுதா பொய், முரண். பானு மட்டும் உண்மை என்பது ஒன்றே நிற்கும். இதில் "ஒருவர் மட்டுமே உண்மை பேசுகிறார்" என்று கூடுதலாகச் சேர்க்காதீர்கள். அது இல்லாமலே விடை வருகிறது, சேர்த்தால் பாதி வேலை போய்விடும்.

எழுத்துக்கணக்கு:
தராசில் நிறுத்து வேறுபட்ட ஒரு காசைக் கண்டுபிடிக்கும் புதிரில் நேர்மாறு, ஒரு சொல் விட்டால் கணக்கே கெட்டுவிடும். 9 காசு, 2 நிறுவை என்றால் "ஒன்று மட்டும் எடை கூடியது" என்றே எழுதுங்கள். "எடை வேறுபட்டது" என்று போட்டால் 2 நிறுவையில் முடியாது. 8 காசு கொடுத்தால் பெரும்பாலும் 4-4, 2-2, 1-1 என்று மூன்று நிறுவை போடுவார்கள். புதன்கிழமை "தராசில் ஏற்றாத காசும் ஒரு தகவல்தான்" என்று ஒரு துப்பு ஒட்டினால் 3-3-2 (தட்டுக்கு மூன்று, வெளியே இரண்டு) பிடிபடும்.