வீட்டுக் குழு: தட்டில் என்ன வைப்பது?

வியாழன் மாலை

ராஜி: திவ்யா, அந்த லிஸ்பன் கடைப் பட்சணம் வாங்கிவிட்டாயா? 10 பெட்டி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டே அதற்கு ஒதுக்கியிருக்கிறேன். சம்பந்தி அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது.

திவ்யா: இப்போதுதான் வரிசையில் நிற்கிறேன் சித்தி

திவ்யா: [புகைப்படம்]

கார்த்தி: ரேஷன் கடையா அது

திவ்யா: இரண்டு வரிசை இருக்கிறது. ஒன்று பார்சலுக்கு, இன்னொன்று உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு. தெரியாதவர்கள் நீளமாகத் தெரிகிற வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்கிறார்கள், அப்புறம்தான் எது எதற்கு என்று கேட்கிறார்கள். நான் பார்சலில், அருண் உட்காருகிறதில். யார் முந்துகிறோம் பார்ப்போம்.

மீனாட்சி: கைப்பையை முன்பக்கம் மாட்டு. ட்ராமிலா வந்தாய்

திவ்யா: 15ஆம் எண். மாட்டியிருக்கிறேன் அம்மா

சுந்தரேசன்: திவ்யா, நீ நிற்கிற இடம் சாதாரண இடமில்லை. பெலேம் என்றால் லிஸ்பனின் துறைமுக வாசல் மாதிரி. பக்கத்திலேயே ஜெரோனிமோஸ் மடம் இருக்கும், பார்த்தாயா? அந்த மடத்தில்தான் இந்த பாஸ்டெல் டி பெலேம் என்கிற பட்சணம் பிறந்தது. 1820இல் போர்ச்சுகலில் புரட்சி, அதன் தொடர்ச்சியாக 1834இல் மடங்களை எல்லாம் மூடிவிட்டார்கள். பிழைக்க வழியில்லாமல் மடத்தைச் சேர்ந்தவர்கள் இதைச் செய்து பக்கத்தில் இருந்த சர்க்கரை ஆலையை ஒட்டிய கடையில் விற்றார்கள். 1837இல் இதற்கென்றே தனிக்கடை. அன்றிலிருந்து அதே இடம், அதே செய்முறை. முழுச் செய்முறை தெரிந்தவர்கள் கைவிட்டு எண்ணும் சிலர்தான், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ரகசிய அறையில் கலவையைச் செய்வார்கள். மடங்களில் ஏன் இந்த மாதிரிப் பலகாரம் என்று கேட்டால் அதற்கும் காரணம் சொல்வார்கள். அங்கியைக் கஞ்சி போட்டு மடிக்க முட்டையின் வெள்ளைக்கருவை எடுப்பார்களாம். மிஞ்சும் மஞ்சள் கருவை வீணாக்காமல் சர்க்கரை போட்டு இனிப்பாக்கினார்கள்.

கார்த்தி: அப்பா, பாடம் முடிந்ததா மணி அடிக்கலாமா

ராஜி: அண்ணா

ராஜி: மஞ்சள் கருவா

சுந்தரேசன்: ஆமாம். நிறைய. அதுதானே அதன் சிறப்பே. மெல்லிய மாவு அடுக்கில் கிண்ணம் மாதிரி செய்து உள்ளே மஞ்சள் கரு, பால், சர்க்கரை ஊற்றி அதிக சூட்டில்

ராஜி: போதும்

காவ்யா: அம்மா!!! அவர்கள் வீட்டில் கேக்கே முட்டை இல்லாததுதான்

மீனாட்சி: செவ்வாய் வெள்ளி வெங்காயம்கூட கிடையாது என்று அந்த அம்மா என்னிடமே சொன்னார்

ராஜி: திவ்யா, முட்டை இல்லாமல் தனியாகச் செய்து தருவார்களா என்று கேள்

திவ்யா: சித்தி 😄 ஒரு நாளைக்கு 20,000 போடுகிற கடை என்கிறார்கள். நமக்காக நிறுத்தவா போகிறார்கள். முட்டையை விடுங்கள், செய்முறையே ரகசியம் என்கிறபோது அந்த மாவில் என்ன கொழுப்பு என்று நான் எப்படிச் சம்பந்தி வீட்டுக்கு உறுதி சொல்வது?

கார்த்தி: ரகசியத்தட்டு என்று எழுதி வைத்துவிடலாம்

ராஜி: உனக்கு விளையாட்டு. நான் வாய்விட்டுச் சொல்லியாயிற்று. திவ்யா கல்யாணத்தில் அதிரசம் குறைந்தபோது யார் ஓடினார்கள்? நான். இப்போது எனக்கென்று வரும்போது ஆளுக்கொரு சிரிப்பு.

மீனாட்சி: அதிரசம் குறையவில்லை ராஜி. முதல் பந்திக்கு முன்பே இரண்டு டப்பா யார் காரில் ஏறியது என்று அண்ணாவுக்குத் தெரியும்.

சுந்தரேசன்: என்னை இழுக்காதே

ராஜி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனாட்சி: நான் படித்துவிட்டேன்

சுந்தரேசன்: திவ்யா, மடத்துக்குள் போனால் வாஸ்கோ ட காமாவின் கல்லறையைப் பார்க்காமல் வராதே. நுழைந்தவுடனேயே இருக்கும். 1498இல் கோழிக்கோட்டில் இறங்கியவர். 1524இல் கொச்சியில் இறந்தார். முதலில் அங்கேயே புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைத்தார்கள், பிறகு 1539இல் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். மடத்தைக் கட்டியதே மிளகு வியாபார வரிப் பணத்தில். நம் பக்கத்து மிளகு.

காவ்யா: கொச்சியில் அந்தக் கல்லறையை நாம் எல்லோரும் பார்த்தோமே

கார்த்தி: அத்தை வேனில் வாந்தி எடுத்த டூர்

ராஜி: எந்த அத்தை என்று தெளிவாக எழுது. நான் இல்லை.

மீனாட்சி: நான்தான். அண்ணா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு விடவில்லை.

திவ்யா: [புகைப்படம்] அருண் முந்திவிட்டார், உள்ளே இடம் கிடைத்துவிட்டது. வெளியே பார்த்தால் சின்னக் கடை, உள்ளே ஒரு கூடம் முடிந்தால் இன்னொன்று, அது முடிந்தால் இன்னொன்று. சுவரெல்லாம் நீலமும் வெள்ளையுமாகப் பழைய ஓடு. கண்ணாடி வழியாகத் தட்டு தட்டாக அடுக்குவதைப் பார்க்கலாம்.

சுந்தரேசன்: ரகசிய அறை?

திவ்யா: அதைக் காட்டவில்லை மாமா

திவ்யா: வந்துவிட்டது. கையில் சூடு தாங்கவில்லை. மேலே அங்கங்கே கருகின புள்ளி, பட்டைத்தூளும் பொடித்த சர்க்கரையும் மேஜையிலேயே வைத்திருக்கிறார்கள், நாமே தூவிக்கொள்ள வேண்டும். கடித்தால் ஓரம் நொறுங்குகிறது, உள்ளே குழைவாக, நான் பயந்த அளவு இனிப்பு இல்லை. நேற்று நகரத்துக்குள்ளே ஒரு சின்னக் கடையில் இதே மாதிரி சாப்பிட்டோம், அதற்கு பாஸ்டெல் டி நாட்டா என்று பேர். பாஸ்டெல் டி பெலேம் என்ற பேர் இந்தக் கடைக்கு மட்டும்தான். உண்மையைச் சொன்னால் அதுவும் நன்றாகத்தான் இருந்தது, அங்கே வரிசையும் இல்லை. ஆனால் இந்த ஓரம் அதில் இல்லை.

காவ்யா: அக்கா எனக்கு மட்டும் 6 வேண்டும். அவர்களுக்குத் தெரிய வேண்டாம்

ராஜி: காவ்யா இது குடும்பக் குழு

காவ்யா: மாப்பிள்ளை இந்தக் குழுவில் இல்லைதானே

கார்த்தி: இன்னும் இல்லை

திவ்யா: ஆறு ஆறாக நீள அட்டைக்குழாயில் போட்டுத் தருகிறார்கள், பட்டைத்தூள் பொட்டலத்தோடு. ஆனால் நாளை இரவு விமானம், நடுவில் வேறு ஊரில் மாறி சனிக்கிழமை சாயங்காலம்தான் சென்னை. அதற்குள் ஓரமெல்லாம் நமத்துப்போய்விடும். அடுப்பில் லேசாகச் சூடு காட்டினால் கொஞ்சம் தேறும். நமக்கு மட்டும் என்றால் 2 குழாய் வாங்குகிறேன். தட்டில் வைக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள் சித்தி.

மீனாட்சி: 3 வாங்கு. உன் அப்பா கேட்பார்

சுந்தரேசன்: எனக்குத் தனியாக

கார்த்தி: அப்பா, சர்க்கரை 240

சுந்தரேசன்: அது சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தது

ராஜி: சரி, அப்போது சம்பந்தி அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? வெளிநாட்டுப் பொருள் என்று சொல்லிவிட்டேனே

திவ்யா: இங்கே கார்க்கில் கைப்பை செய்கிறார்கள். தோல் கிடையாது, மரப்பட்டைதான், சைவம். உலகத்திலேயே கார்க் அதிகம் விளைவது இந்த நாட்டில்தான். ஒன்று வாங்கட்டுமா?

ராஜி: கார்க் என்றால் பாட்டில் மூடியா

சுந்தரேசன்: கார்க் ஓக் என்பது ஒரு மரம் ராஜி. ஒன்பது வருடத்துக்கு ஒரு முறைதான் பட்டையை உரிப்பார்கள், மரத்தை வெட்டுவதில்லை

ராஜி: அண்ணா நான் திவ்யாவிடம் கேட்டேன். நிறம் என்ன? புகைப்படம் அனுப்பு. கருப்பு வேண்டாம்.

திவ்யா: கடைக்குப் போனதும் அனுப்புகிறேன்

காவ்யா: அவருக்கு மட்டும் பை கொடுத்தால் நாத்தனாருக்கு?

ராஜி: ஐயோ அதை மறந்தேன்

மீனாட்சி: இதெல்லாம் ராத்திரி பேசலாம். தட்டு வாடகைக்காரர் இரண்டாவது முறையாகப் போன் செய்கிறார். 15ஆ 21ஆ?

கார்த்தி: போன வாரம் 21 என்று முடிவானதே

ராஜி: அவர்கள் எத்தனை கொண்டுவருகிறார்கள் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? கேட்டுச் சொல்கிறேன் அக்கா. அவரை நாளைக்குக் கூப்பிடச் சொல்.