மூடி வியர்க்கிறது என்றால் வியர்க்கிறதுதான்

ராயபுரம் மரப்பெட்டி:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "வட சென்னையில் தேனீ வளர்க்கிறவர்கள் மரப்பெட்டியைத் தொடவே வேண்டாம். உப்புக்காற்றில் ஆணி துருப்பிடிக்கும், கரையான் அரிக்கும். பிளாஸ்டிக்தான் சரி." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. புதிதாக வருகிறவர்கள் இதை நம்பிக் காசைக் கொட்டிவிடுவார்கள்.

பிளாஸ்டிக் பெட்டியின் மூடி உள்பக்கம் வியர்க்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த வாரம், காலை ஆறு மணிக்கு மாடியில் என் பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தேன். மூடி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். லேசாகச் சாய்த்ததும், தேனீ அடை கட்டும் சட்டங்களின் மேல்கட்டையில் சொட்டியது. ஓரத்து இரண்டு அடைகளிலும் சாம்பல் பூசியதுபோல் பூஞ்சை. அதே ஸ்டாண்டில் ஒரு கை தூரத்தில் என் பலாப்பலகைப் பெட்டி. அதன் மூடி தொட்டால் சில்லென்று இருந்தது, ஒரு சொட்டு இல்லை. மரம் ஈரத்தைக் குடித்து மெல்ல வெளியே விடும். பிளாஸ்டிக் விடாது.

வியாசை மாடித்தோட்டம்:
எழுதியது நான்தான். "ஒருவர்" என்று சுற்றி வளைக்க வேண்டாம் அண்ணே. வியாசர்பாடியில் மூன்று வருடமாக இரண்டு பிளாஸ்டிக் பெட்டி வைத்திருக்கிறேன். ஒரு நாள்கூட மூடி வியர்த்ததில்லை. புயலில் மழைத்தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. அதற்கு வியர்வை என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

ராயபுரம் மரப்பெட்டி:
மழை புகுந்திருந்தால் அடிப்பலகை நனைந்திருக்கும் தம்பி. அடி காய்ந்து கிடந்தது. பூவிலிருந்து வரும் மதுரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். அதைத் தேனீ விசிறி விசிறி 20 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்தால்தான் தேன். அந்த ஆவி எங்கே போகும்? கூட்டுக்குள் 34, 35 டிகிரி. வெளியே மழைக்கால ராத்திரி 22, 23. பிளாஸ்டிக் மூடி சட்டென்று குளிர்ந்துவிடும், ஆவி அதில்தான் போய் ஒட்டும். சோற்றுப்பானைத் தட்டைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

மணலி மெக்கானிக்:
ஒரு கேள்வி. எந்தப் பிளாஸ்டிக்? ஒற்றைச் சுவரா, நடுவில் காற்று விட்ட இரட்டைச் சுவரா, ஐரோப்பாவில் குளிருக்கு வைக்கிற தெர்மோகோல் வகையா? ஒற்றைச் சுவர் பிளாஸ்டிக் மரப்பலகையைவிட அதிகமாகச் சூடு கடத்தும். தெர்மோகோல் மரத்தைவிடக் குறைவாகக் கடத்தும். இதைச் சொல்லாமல் பேசிப் பயனில்லை.

வியாசை மாடித்தோட்டம்:
எல்லாரும் கவனியுங்கள். மூடியிலிருந்து "சொட்டியது" என்றார். இப்போது "அடி காய்ந்து கிடந்தது" என்கிறார். சொட்டிய தண்ணீர் எங்கே போனது?

ராயபுரம் மரப்பெட்டி:
மேல்கட்டையில் விழுந்தது என்று தமிழில்தானே எழுதினேன்? ஏழு சட்டம் நெருக்கமாக நிற்கிறது, அதன்மேல் தேனீக்கள். நாலு சொட்டு எப்படி அடிக்கு வரும்? பதினாறு வருடமாகப் பெட்டி வைத்திருக்கிறேன். என்னிடம் கணக்குக் கேட்கிறார்.

கொடுங்கையூர் அக்கா:
நீங்கள் மழையைப் பேசுகிறீர்கள், எனக்கு வெயில்தான் பிரச்சினை. போன கத்திரியில் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போய்விட்டது. மத்தியானம் பார்த்தால் தேனீ எல்லாம் வாசலில் தாடி மாதிரி தொங்குகிறது. ஈரக்கோணி போட்டேன், பக்கத்தில் தட்டில் தண்ணீர் வைத்தேன். மூன்றாம் நாள் நடு அடை இளகி மடிந்து தேன் ஒழுகிவிட்டது, புழுவோடு. மெழுகு உருக 62 டிகிரி வேண்டும் என்பார்கள், ஆனால் அதற்கு வெகு முன்பே தேன் பாரம் தாங்காமல் இளகிவிடும். மறுநாள் கூட்டமே ஓடிவிட்டது. எறும்பு மட்டும் மிச்சம். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ராயபுரம் மரப்பெட்டி:
பார்த்தீர்களா. மழைக்கு வியர்வை, வெயிலுக்கு இளகல். அக்காவே சொல்லிவிட்டார்.

கொடுங்கையூர் அக்கா:
மூடி வியர்த்தது என்று நான் சொல்லவில்லையே. என் மரப்பெட்டியில் மெழுகு அந்துப்பூச்சிப் புழு பலகையையே குடைந்துவிட்டது. அதையும் எழுதுங்கள்.

வியாசை மாடித்தோட்டம்:
நன்றி அக்கா. ஆனால் மே மாதம் வெறும் தளத்தில் வைத்தால் எந்தப் பெட்டியும் தாங்காது. நான் முருங்கை நிழலில் வைத்திருக்கிறேன், மேலே கீற்று. அந்துப்பூச்சி வந்தால் சட்டத்தை எடுத்துவிட்டுப் பெட்டியைச் சோடா போட்டுக் கழுவிக் காயவைக்கிறேன், முடிந்தது. மரத்தில் சந்துக்குச் சந்து முட்டை இருக்கும்.

அப்புறம், மரம் மரம் என்கிறாரே, எந்த மரம்? இந்தப் பக்கம் விற்கிற பெட்டியில் பாதி, துறைமுகத்திலிருந்து வரும் பேக்கிங் பலகை. அதில் எம்.பி. என்று முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது என்று அர்த்தம். பூச்சியைக் கொல்லப் புகை போட்ட பலகையில் தேனீ வளர்க்கலாமா?

ராயபுரம் மரப்பெட்டி:
என் பெட்டி பலா. மரவாடியில் நானே நின்று அறுத்து வாங்கியது. கரையானுக்கு ஸ்டாண்டு கால் நான்கிலும் தண்ணீர்க் கிண்ணம், எறும்புக்கும் அதுவே போதும். துருவுக்குப் பித்தளைத் திருகு. வெளியே மட்டும் வெள்ளைப் பெயின்ட். பேக்கிங் பலகை வாங்குகிறவர்களுக்காக நான் பதில் சொல்ல முடியாது. இன்னொன்று, மரச்சுவரில் தேனீ பிசின் பூசும், அது மருந்து மாதிரி நோயைத் தடுக்கும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் அவ்வளவாகப் பூசாது.

தண்டையார்பேட்டை மார்த்தாண்டத்தான்:
அண்ணாச்சி, நானும் மரம்தான், ஆனால் தப்பைத் தப்பு என்று சொல்ல வேண்டும். பிசின் சேர்ப்பது இத்தாலியத் தேனீ. நாம் வளர்க்கிற அடுக்குத் தேனீ, அதாவது இந்தியத் தேனீ, பிசின் சேர்க்காது. எங்கள் ஊரில் மூன்று தலைமுறையாக ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைக்கிறோம். நியூட்டன் பாதிரியார் 1911ஐ ஒட்டிக் கொண்டுவந்த பெட்டிதான் இன்றும். 1991ல் தாய்லாந்து சாக்புரூடு என்கிற வைரஸ் நோய் வந்து கூட்டம் கூட்டமாகப் புழு செத்தது. அத்தனையும் மரப்பெட்டியில் இருந்தவை. பலகை எந்த நோயையும் தடுக்கவில்லை. என் தாத்தா காலிப்பெட்டிகளை அடுக்கிவைத்து அழுதிருக்கிறார்.

ராயபுரம் மரப்பெட்டி:
பிசினை விடுங்கள். எல்லாப் பேச்சுக்கும் மார்த்தாண்டத்தைக் கொண்டுவருவது உங்கள் வழக்கம். அங்கே மலைக்காற்று, இங்கே எண்ணூர்ச் சாம்பல். மூடி வியர்க்குமா வியர்க்காதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை மார்த்தாண்டத்தான்:
உங்கள் பக்கம் நின்றதற்கு இந்த மரியாதையா? போன சித்திரையில் என் தேன் எடுக்கும் மெஷினை வாங்கிப்போய்க் கைப்பிடி உடைத்துக் கொடுத்தீர்களே, அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை பேசினேனா?

ராயபுரம் மரப்பெட்டி:
கைப்பிடி வாங்கும்போதே ஆடியது.

மணலி மெக்கானிக்:
ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. மூடியில் காற்றுத்துளை இருந்ததா?

வியாசை மாடித்தோட்டம்:
இன்று காலை ஐந்தரைக்கு எடுத்த படம் போட்டிருக்கிறேன். மூடியின் உள்பக்கம். பெரிதாக்கிப் பாருங்கள், என் கைரேகைகூடத் தெரிகிறது. சொட்டு எங்கே?

ராயபுரம் மரப்பெட்டி:
இது பங்குனி. ராத்திரியிலும் புழுக்கம், மூடி குளிரவே குளிராது. ஐப்பசி மழையில் விடியற்காலையில் எடுத்துப் போடுங்கள், தேன் அறையில் தேன் இறங்கும்போது. பனிக்காலத்துத் துணியை வெயிலில் காயவைத்துக் காட்டுவதுபோல் இருக்கிறது இந்தப் படம். நான் என் கண்ணால் பார்த்தேன். அடையைக் கையில் எடுத்தேன், பூஞ்சை விரலில் ஒட்டியது. அந்தக் கூட்டத்தை நான் முருங்கைக் கிளையிலிருந்து பிடித்துவந்து ஏழு மாதம் வளர்த்தேன், அதுவும் போய்விட்டது. வியர்க்கவில்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

கொடுங்கையூர் அக்கா:
கூட்டம் போனது எனக்கும் வலிக்கிறது தம்பி. அதற்காக அந்தப் பிள்ளையை ஏன் விரட்டுகிறீர்கள்?

வியாசை மாடித்தோட்டம்:
பரவாயில்லை அக்கா. ஐப்பசியிலும் எடுத்துப் போடுகிறேன், தேதி நேரத்தோடு. வியர்த்திருக்காது.

ராயபுரம் மரப்பெட்டி:
வியர்த்திருக்கும்.

தண்டையார்பேட்டை மார்த்தாண்டத்தான்:
கைப்பிடி ஆடவில்லை. புதுசு.